அக்காவின் டீசல் கணக்கு

பாய்மரப் படகு என்று சொன்னவுடன் உங்கள் மனக்கண்ணில் என்ன தோன்றுகிறது? வெள்ளைப் பாய் காற்றில் புடைத்திருக்க, நீலக் கடலின் மேல் அன்னப்பட்சியைப் போல் அசைந்து செல்லும் ஓடம் ஒன்று தோன்றும். சினிமாவிலும் காலண்டர்ப் படங்களிலும் அப்படித்தானே பார்த்திருக்கிறோம்? அந்த அன்னப்பட்சியின் வயிற்றுக்குள்ளே 'டப டப' என்று அடித்துக்கொள்ளும் டீசல் எஞ்சின் ஒன்று உட்கார்ந்திருக்கிறது என்று சொன்னால் உங்களில் பல பேருக்கு ஏமாற்றமாகவே இருக்கும்.

"காற்று இருக்கும்போது எஞ்சின் எதற்கு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் காற்று நாம் கூப்பிட்ட நேரத்துக்கு வருகிற ஆசாமி அல்ல. நடுக்கடலில் இரண்டு நாள் மூச்சே விடாமல் படுத்துக் கிடக்கும். துறைமுக வாசலில், ஒரு பக்கம் சரக்குக் கப்பல், இன்னொரு பக்கம் கற்சுவர், நடுவிலே நீரோட்டம் இழுக்கிறது என்னும் சமயம் பார்த்து நின்று போகும். அப்போது பத்து நிமிஷம் எஞ்சின் ஓடினால் படகு பிழைத்தது.

2022-ஆம் ஆண்டு பிரான்சிலிருந்து உலகத்தைத் தன்னந்தனியாகச் சுற்றிவரும் பாய்மரப் போட்டி ஒன்று புறப்பட்டது. கோல்டன் குளோப் போட்டி என்று அதற்குப் பெயர். எஞ்சின் துணையால் வேகமாகப் போகக்கூடாது. நட்சத்திரத்தைப் பார்த்துத்தான் வழி கண்டுபிடிக்க வேண்டும். அப்படிப் போய்க் கொண்டிருந்தபோது, நவம்பர் மாதம், பின்லாந்துக்காரர் டாபியோ லெஹ்டினெனின் படகு இந்து மகா சமுத்திரத்தின் தென்கோடியில் சில நிமிஷங்களுக்குள் மூழ்கிவிட்டது. ரப்பர் மிதவையில் தவித்த அந்த மனிதரைத் தேடிப் போனவர் யார் தெரியுமா? அதே போட்டியில் ஓடிக் கொண்டிருந்த தென்னாப்பிரிக்கப் பெண்மணி கிர்ஸ்டன் நொய்ஷேஃபர். "உயிர் காக்கும் காரியம், எஞ்சினைப் போட்டுக்கொள்" என்று போட்டி நடத்தியவர்கள் அனுமதி கொடுத்தார்கள். போய்ச் சேர்ந்து, மனிதரை மீட்டு, சரக்குக் கப்பல் ஒன்றில் ஏற்றிவிட்டு, அந்த அம்மாள் மறுபடியும் பாயை விரித்தார். 2023 ஏப்ரல் 27-ஆம் தேதி போட்டியிலும் முதலாவதாக வந்தார்! பாய்மரப் படகில் எஞ்சின் எதற்கு என்று இனி யாரும் கேட்க மாட்டீர்கள் அல்லவா?

எஞ்சின் வேண்டும், சரி. அது ஏன் டீசலாக இருக்க வேண்டும்? பெட்ரோலின் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடிவயிற்றில் போய்ப் பதுங்கிக் கொள்ளும். அங்கே ஒரு சின்னப் பொறி பட்டால் போதும். டீசலுக்கு அந்தத் துஷ்ட குணம் குறைவு. சிந்தினால் நாற்றமடிக்கும், வழுக்கும், தலையை வலிக்கச் செய்யும், லேசில் வெடிக்காது. இந்த எஞ்சினைக் கண்டுபிடித்த ரூடால்ப் டீசல் 1897-இல் ஜெர்மனியிலுள்ள ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய முதல் யந்திரம் மூன்று மீட்டர் உயரம். அதன் பலமோ ஏறக்குறைய 20 குதிரைச் சக்தி. பாவம், 1913 செப்டம்பர் 29-ஆம் தேதி இரவு இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது அந்த மனிதர் காணாமற் போனார். பிற்பாடு கடலில் உடல்தான் கிடைத்தது. அவருடைய யந்திரத்தைச் சின்னதாக்கி 1933-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தவர்கள் ஜப்பானில் யான்மார் கம்பெனியார். அந்தப் பெயர் தும்பிப் பூச்சிக்கு ஜப்பானிய மொழியில் உள்ள பெயரிலிருந்து வந்தது என்று படித்தபோது எனக்கு ஏனோ சந்தோஷமாக இருந்தது. இன்று அதே 20 குதிரைச் சக்தி ஒரு படகின் மாடிப் படிக்கட்டுக்கு அடியில், நம் வீட்டுத் துணி துவைக்கும் யந்திரத்தின் இடத்தில், அடங்கிவிடுகிறது.

இவ்வளவு பீடிகையும் எதற்கென்றால், அப்படியொரு படிக்கட்டின் அடியில் என் பெரியம்மா மகள் தலைகீழாகத் தொங்கிய கதையைச் சொல்வதற்காகத்தான்.

அவளை நான் அக்கா என்றே கூப்பிடுகிறேன். வயது ஐம்பத்தெட்டு. தபாலாபீஸில் சேமிப்புக் கணக்குப் பகுதியில் முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்தவள். அத்தான் தூத்துக்குடிக்காரர், சரக்குக் கப்பல்களில் எஞ்சினியராக உலகமெல்லாம் சுற்றியவர். ஓய்வு பெற்றதும் மற்றவர்கள் வீடு கட்டுவார்கள், காசிக்குப் போவார்கள். அத்தான் 32 அடி நீளத்தில் ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கினார். அன்று முதல் வருஷத்தில் பாதி நாள் இருவருக்கும் கொச்சிதான் வாசம். 1744-இல் டச்சுக்காரர்கள் கட்டிய மாளிகை ஒன்று போல்காட்டித் தீவில் இருக்கிறதல்லவா, அதற்குப் பக்கத்துப் படகுத்துறையில் கட்டிப் போட்டிருப்பார்கள். ஆறடி அகலச் சமையலறையில் அக்கா வத்தக்குழம்பு வைப்பாள். பக்கத்துப் படகு வெள்ளைக்காரர்கள் தும்முவார்கள்.

இந்த ஆண்டு ஜனவரியில் அந்த எஞ்சின் காலை வாரிவிட்டது. வெளியே போய்விட்டுத் திரும்பும்போது, வைப்பீனுக்கும் கோட்டைக் கொச்சிக்கும் நடுவேயுள்ள துறைமுக வாசலில், தண்ணீர் வற்றி வெளியே ஓடும் நேரத்தில் நின்று போயிற்று. காற்றும் இல்லை. படகு பின்னோக்கிப் போக ஆரம்பித்தது. எதிரே கன்டெய்னர் கப்பல் ஒன்று உள்ளே வருகிறது. அக்கா ஓடிப்போய்க் கப்பல் பாதையின் ஓரத்தில் நங்கூரத்தை இறக்கினாள். அத்தான் அந்த வேகாத வெய்யிலில், எஞ்சின் சூட்டில், முக்கால் மணி நேரம் குனிந்து குழாயில் சேர்ந்த காற்றை வெளியேற்றிப் பார்த்தார். ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் மீன்பிடி வள்ளக்காரர்கள் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். கூலி வாங்கவே மாட்டேன் என்றார்களாம்.

அன்று ராத்திரிதான் அத்தானுக்கு மார்பு வலி வந்தது.

பைபாஸ் ஆபரேஷன் ஆயிற்று. அடைப்பு பல வருஷமாகவே இருந்தது, எஞ்சின்மேல் பழி போடாதீர்கள் என்று டாக்டர் சொன்னார். பெங்களூரில் இருக்கும் பெண் கேட்கிறாளா? "அந்தப் படகு அப்பாவைக் கொல்லப் பார்த்தது, வித்துடுங்க" என்று ஒரே பிடிவாதம். பம்பாயிலிருந்து ஒருவர் பாதி விலைக்குக் கேட்டிருந்தார். எஞ்சின் கோளாறு என்று தெரிந்துதான் பாதி விலை! இதற்கிடையில் மெக்கானிக் ஒருவர் மூன்று தடவை வந்து போனார். டீசல் இழுக்கும் பம்பை மாற்றினார். இன்ஜெக்டர்களைக் கழற்றிக் கொண்டுபோய்ச் சோதித்து மாட்டினார். ஃபில்டர்களைப் புதிதாகப் போட்டார். மொத்தம் இருபத்தேழாயிரம் ரூபாய் ஆயிற்று. எஞ்சின் பத்து நாள் ஒழுங்காக ஓடும். பதினோராம் நாள் விக்கும், திணறும், நிற்கும். போதாக்குறைக்கு அவ்வப்போது அறை முழுவதும் டீசல் வாடை. அடிவயிற்றுத் தண்ணீரில் வானவில் நிறம். அந்தத் தண்ணீர் தானாகக் காயலில் போய்விடக் கூடாதென்று அக்கா பம்பின் சுவிட்சை அணைத்துவிட்டு, பழந்துணியால் ஒற்றி ஒற்றி வாளியில் பிழிந்துகொண்டிருந்தாள்.

ஏப்ரல் கடைசியில் வேறொரு கட்டுரை விஷயமாக நான் கொச்சிக்குப் போனேன். ஜூன் முதல் வாரம் மழைக்காலம் இறங்கிவிடும். அதற்குமுன் படகைக் கோவாவிலுள்ள ஒரு பட்டறைக்குக் கொண்டுபோய்க் கரையேற்ற வேண்டும்; இல்லாவிட்டால் விற்றுவிட வேண்டும். அத்தானோ பாரம் தூக்கக்கூடாது, குனியக்கூடாது. அவருடைய பழைய கப்பல் சிநேகிதர் ஒருவர் துணைக்கு வருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். ஆனால் அக்கா ஒரு நிபந்தனை போட்டிருந்தாள்.

"எஞ்சினை நானே திறந்து, நானே ஓட வச்சாத்தான் கோவா. இல்லேன்னா நாளைக்கே பம்பாய்க்காரருக்குப் போன் பண்ணிடலாம். இனிமே அது நின்னா இவர் இறங்கறதை நான் பாத்துக்கிட்டு இருக்க முடியாது."

அத்தான் வாயைத் திறக்கப் போனார். "நீங்க மேலேயே உக்காருங்க. பேசக் கூடாது. மோர் தர்றேன்" என்று அவரை மேல்தளத்து நிழலில் உட்கார்த்தி வைத்துவிட்டாள். முப்பத்திரண்டு வருஷம் எஞ்சினியராக இருந்த மனிதருக்கு இதைவிடக் கடுமையான விரதம் உண்டா, சொல்லுங்கள்! எனக்கு டார்ச் பிடிக்கும் உத்தியோகம் கிடைத்தது.

படிக்கட்டைத் தூக்கினால் எஞ்சின். அக்கா ஸ்பானரை எடுக்கவில்லை. ஒரு நீளமான கணக்கு நோட்டை எடுத்தாள். அட்டையின் உட்புறத்தில் பத்திரிகைப் படம் ஒன்று ஒட்டியிருந்தது. நம் கடற்படையைச் சேர்ந்த தில்னா, ரூபா என்ற இரண்டு பெண் அதிகாரிகள். முன்னவர் கோழிக்கோடு, பின்னவர் நம் புதுச்சேரி. 'தாரிணி' என்ற பாய்மரப் படகில் 2024 அக்டோபர் 2-ஆம் தேதி கோவாவிலிருந்து புறப்பட்டு, இரண்டே பேராக உலகத்தைச் சுற்றி 2025 மே 29-ஆம் தேதி திரும்பியவர்கள். அதே படகில் 2017-18-இல் ஆறு பெண்கள் போய் வந்ததும் உங்களுக்கு நினைவிருக்கலாம். நடுச் சமுத்திரத்தில் இவர்கள் எந்த மெக்கானிக்குக்குப் போன் செய்வார்கள்?

நோட்டுக்கு வருவோம். தேதி, வாங்கிய டீசல் எத்தனை லிட்டர், என்ன விலை, எஞ்சின் ஓடியது எத்தனை மணி, மீதி எவ்வளவு, குறிப்பு. பால் கணக்கைப் போல நாலு வருஷமாக ஒரு நாள் விடாமல் எழுதியிருந்தாள். குறிப்பு என்னும் பத்தியில் சில இடங்களில் 'வாடை' என்றும், சில இடங்களில் 'நின்றது' என்றும் இருந்தன.

"நேத்து ராத்திரி தூக்கம் வரலே. உக்காந்து கூட்டிக் கழிச்சுப் பாத்தேன். இந்த ஆறு மாசத்திலே 'வாடை'ன்னு எழுதினது ஏழு தடவை. ஏழும் டாங்கியை ரொப்பின மறுநாள், இல்லே அதுக்கு மறுநாள். 'நின்றது' அஞ்சு தடவை. அஞ்சும் டாங்கியிலே பாதிக்குக் கீழே போனப்புறம். ரொப்பி வச்சிருந்த நாள்லே ஒரு தடவைகூட நிக்கலே. பாதிக்குக் கீழே இருந்த நாள்லே ஒரு தடவைகூட வாடை இல்லே. மெக்கானிக் தம்பி ரெண்டு வியாதின்னு நினைச்சு ரெண்டு மருந்து குடுத்துச்சு. வியாதி ஒண்ணுதான்."

இது எப்படி என்று புரிய, டீசல் போகும் வழியைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். தலையைச் சுற்றும் சமாசாரம் ஒன்றுமில்லை. டாங்கியிலிருந்து ரப்பர்க் குழாய் வழியாக டீசல் கிளம்புகிறது. முதலில் ஒரு ஃபில்டர். கண்ணாடிக் கிண்ணம் வைத்தது. தண்ணீரும் கசடும் அதில் தங்கிவிடும். அடுத்து இழுக்கும் பம்பு. அப்புறம் எஞ்சின்மேல் இன்னொரு ஃபில்டர். பிறகு இன்ஜெக்ஷன் பம்பு. அங்கிருந்து மெல்லிய இரும்புக் குழாய்கள் இன்ஜெக்டர்களுக்குப் போகின்றன. பம்பு வரையில் உள்ளது உறிஞ்சும் பாதி. பம்புக்கு அப்பால் தள்ளும் பாதி. தள்ளும் பாதியில் ஓட்டை விழுந்தால் டீசல் வெளியே சொட்டும், பார்த்துவிடலாம். உறிஞ்சும் பாதியில் ஓட்டை விழுந்தால் ஒன்றும் சொட்டாது. வெளிக்காற்று உள்ளே போகும். இளநீர் குடிக்கும் ஸ்ட்ராவில் பொத்தல் இருந்தால் நமக்குக் காற்றுத்தானே வருகிறது? டீசல் எஞ்சினுக்குக் காற்றுக் குமிழி ஆகவே ஆகாது. டீசலை அழுத்தினால் இன்ஜெக்டர் திறக்கும். குமிழியை அழுத்தினால் அது பஞ்சுபோல் அமுங்கிக் கொடுக்கும். எஞ்சின் நின்றுவிடும். 'ஏர் லாக்' என்று லாரிக்காரர்கள் சொல்வது இதைத்தான்.

அப்படியானால் ஒரே ஓட்டை எப்படிச் சில நாள் சொட்டுகிறது, சில நாள் உறிஞ்சுகிறது? இங்கேதான் அக்காவின் தபாலாபீஸ் மூளை வேலை செய்தது. மாடித் தொட்டியில் தண்ணீர் நிரம்பியிருந்தால் கீழே பொத்தல் குழாய் கசிகிறதல்லவா? டாங்கியில் டீசல் மட்டம் ஓட்டையைவிட உயரமாக இருக்கும்வரை டீசல் தன் பாரத்தாலேயே ஓட்டை வழியாகக் கசியும். அதுதான் 'வாடை'. மட்டம் ஓட்டைக்குக் கீழே இறங்கியதும் பம்பு அதே ஓட்டை வழியாகக் காற்றை இழுக்கும். அதுதான் 'நின்றது'. ஆகவே ஓட்டை இருப்பது டாங்கிக்கும் பம்புக்கும் நடுவே. உயரமோ சரியாகப் பாதி டாங்கி மட்டம்!

மேல்தளத்தில் மோர் டம்ளர் 'ணங்' என்று கீழே வைக்கப்பட்ட சத்தம் கேட்டது. அத்தான் பேசவில்லை.

அந்த உயரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? டாங்கி படகின் பின்பக்கம் ஒரு பலகைத் தடுப்புக்கு அப்பால் இருக்கிறது. எஞ்சின் இந்தப் பக்கம். வீடு கட்டியவர்களுக்குத் தெரிந்திருக்கும், கொத்தனார்கள் இரண்டு மூலைகளுக்கு மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய ஒரு நீளக் குழாயை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொள்வார்கள். அக்கா அதையே செய்தாள். ஒளி ஊடுருவும் குழாயில் நீலம் கலந்த தண்ணீர். ஒரு முனையை நான் டாங்கியின் பாதி உயரத்தில் பிடித்தேன். மறுமுனையை அவள் டீசல் குழாயின் ஓரமாகக் கொண்டுபோனாள். தண்ணீர் நின்ற இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டாள். கோடு விழுந்தது எங்கே தெரியுமா? டீசல் குழாய் பலகைத் தடுப்பைத் துளைத்துக்கொண்டு இந்தப் பக்கம் வரும் வாயில்!

குழாயின் அந்த ஓர் அங்குலம் பலகையின் கனத்துக்குள்ளேயே மறைந்திருந்தது. எந்த மெக்கானிக்கின் கண்ணுக்கும் தெரியாது. கசிந்த டீசலோ குழாயின் அடிப்பக்கமாகவே ஊர்ந்து வந்து, தாழ்ந்த இடமாகிய கண்ணாடிக் கிண்ண ஃபில்டரின் மூட்டில் சொட்டியிருக்கிறது. எல்லாரும் அந்த மூட்டை முறுக்கினார்கள், முறுக்கினார்கள், மேலும் முறுக்கினார்கள். குற்றம் செய்தவன் ஓரிடத்தில், அடி வாங்கினவன் வேறிடத்தில்!

ஆனாலும் அக்கா கத்தியை எடுக்கவில்லை. பாத்திரம் தேய்க்கும் சோப்பு நீரால் குழாயைத் துடைத்து உலர்த்தி, தடுப்பின் ஓரத்திலும் ஒவ்வொரு மூட்டிலும் வெள்ளைக் காகிதக் கைக்குட்டையைச் சுற்றினாள். கேனில் இருந்த இருபது லிட்டரை டாங்கியில் ஊற்றினாள். அரை மணி நேரம் காத்திருந்தோம். தடுப்பை ஒட்டியிருந்த காகிதத்தில் மட்டும் மஞ்சளாக ஈரம் பரவிற்று. மற்றதெல்லாம் மல்லிகைப் பூவாக இருந்தது.

பிறகுதான் டாங்கியின் அடைப்பானை மூடி, கீழே பேசின் வைத்து, குழாயைக் கழற்றி உருவினாள். பலகையின் ஓரத்தில் எஞ்சின் அதிர்ச்சியால் உராய்ந்து உராய்ந்து ரப்பர் தேய்ந்து, குண்டூசித் தலை அளவுக்கு ஒரு பொத்தல். இருபத்தேழாயிரம் ரூபாய்ப் பொத்தல்! "இதிலே ரெண்டு சுத்து டேப் ஒட்டினால் போதாதா?" என்று நான் கேட்டதுதான் தாமதம், மேலிருந்து கர்ஜனை வந்தது: "டேப் சுத்தாதே!" விரதம் கலைந்துவிட்டது. ஒட்டும் பசையை டீசல் கரைத்துவிடும் என்று விளக்கினார். மறுபடியும் மோர் கொடுத்து அடக்கினோம்.

குழாய் வாங்க எர்ணாகுளம் போனோம். 2023 ஏப்ரலில் தொடங்கிய வாட்டர் மெட்ரோ படகு போல்காட்டியிலிருந்து ஹைகோர்ட் துறைக்குப் போகிறது. பாட்டரியில் ஓடுகிற படகு, புகையில்லை, சத்தமில்லை. கையில் டீசல் வாடையோடு அதில் உட்கார்ந்திருக்கக் கூச்சமாக இருந்தது. கடைக்காரர் முதலில் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற ரகத்தைக் காட்டினார். அக்கா தலையை ஆட்டிவிட்டாள். படகின் எண்ணெய்க் குழாய்க்கென்று நெருப்பைக் கொஞ்ச நேரம் தாங்கும் ரகம் உண்டு, மேலே 'ஐ.எஸ்.ஓ. 7840' என்று அச்சடித்திருக்கும். அதில்தான் இரண்டு மீட்டர் வாங்கினாள். கூடவே துருப்பிடிக்காத எஃகுக் கிளிப்புகள்.

மாட்டுவது பெரிய வித்தையில்லை. பலகைத் துவாரத்தில், பெரிய குழாய்த் துண்டு ஒன்றை நீளவாக்கில் கீறிச் சட்டைபோல் அணிவித்து, மறுபடி உராயாமல் செய்தாள். கிளிப்பை அளவோடு முறுக்கினாள். அளவுக்கு மீறி முறுக்கினால் அதுவே ரப்பரை வெட்டும். காற்றை வெளியேற்றுவதுதான் பொறுமை வேண்டும் வேலை. எஞ்சின்மேல் உள்ள ஃபில்டரின் சின்னத் திருகைத் தளர்த்தி, பம்பின் கைப்பிடியை விரலால் அடிக்க வேண்டும். முதலில் நுரையாக வரும், பிறகு குமிழி, கடைசியில் சுத்த டீசல். அப்போது திருகை மூடவேண்டும். அக்கா அடித்தாள், கைப்பிடி தொளதொளவென்று ஆடிற்று, ஒன்றும் வரவில்லை. எனக்கு வயிற்றைக் கலக்கியது. மேலே பார்த்தேன். அத்தான் உதட்டைக் கடித்துக்கொண்டு ஆள்காட்டி விரலைக் காற்றில் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். "தெரியும், தெரியும். புஸ்தகத்திலே போட்டிருக்கு" என்றாள் அக்கா நிமிராமலே. எஞ்சினைக் கையால் ஒரு சுற்றுத் திருப்பினாள். உள்ளே பம்பைத் தூக்கிப் பிடித்திருந்த பாகம் நகர்ந்துகொண்டது. கைப்பிடிக்கு உயிர் வந்தது.

ஒரு சங்கதியை மட்டும் படகு வைத்திருப்பவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். இப்படிக் காற்றெடுக்கும்போது எஞ்சின் பற்றாமல் வெறுமே நெடுநேரம் சுழன்றால், குளிர்விக்கும் கடல் நீர் புகைக்குழாயில் தேங்கி எஞ்சினுக்குள்ளேயே திரும்பிவிடும். அதனால் அக்கா கடல்நீர்க் குழாயை முதலில் மூடினாள். திறக்க மறக்காமலிருக்க அதன் பிடியில் தன் வளையலைக் கழற்றி மாட்டினாள். இன்னொன்று: இன்ஜெக்டருக்குப் போகும் இரும்புக் குழாயில் கசிவு தேடும்போது விரலை வைக்கவே கூடாது. அங்கே டீசல் ஊசிமுனையாய்ப் பாய்ந்து தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். சின்னப் புள்ளிதான் தெரியும். ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டிய காயம். அட்டைத் துண்டை நீட்டித்தான் பார்க்க வேண்டும்.

சாவியைத் திருப்பினாள். ஒன்று, இரண்டு, மூன்று சுழற்சி. 'டப்' என்றது. பிறகு 'டப டப டப'. வளையல் கைக்குத் திரும்பிற்று. பின்பக்கம் தண்ணீர் 'பளிச், பளிச்' என்று துப்பிற்று. நான் கைதட்டினேன். அக்கா தட்டவில்லை.

"ரொப்பின டாங்கியிலே அது என்னைக்கும் ஓடித்தானே இருக்கு? இது ஒரு சாட்சியா?"

டீசலைக் கேனுக்குத் திருப்பி எடுத்து, டாங்கியைக் கால்வாசிக்குக் கொண்டுவந்தாள். படகைக் கயிற்றில் இறுகக் கட்டியபடியே கியரைப் போட்டு ஒரு மணி நேரம் ஓட்டினாள். முன்பெல்லாம் கால் மணியில் விக்க ஆரம்பித்துவிடுமாம். நாற்பதாவது நிமிஷத்தில் ஒரு தடவை சத்தம் மாறியதாக எனக்குத் தோன்றியது. மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பக்கத்தில் போன ரோந்துப் படகின் சத்தம் அது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தண்ணீர் வற்றும் நேரமாகவே பார்த்துப் புறப்பட்டோம். சுக்கான் அத்தான் கையில். அதற்கு மட்டும் டாக்டரும் அக்காவும் அனுமதி கொடுத்திருந்தார்கள். கோட்டைக் கொச்சியின் சீன வலைகள் இடப்பக்கம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஜனவரியில் நின்ற இடம் நெருங்கியது. அத்தான் முகத்தில் வேர்வை. அக்கா பாயின் கயிற்றுப் பக்கம் போகவில்லை; படிக்கட்டில் உட்கார்ந்து, எஞ்சின் பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டிருந்தாள், ஜுரம் கண்ட பிள்ளையின் நெற்றியில் வைப்பதுபோல. நீரோட்டம் எங்களை வெளியே இழுத்தது; அத்தான் படகைத் திருப்பி ஓட்டத்தை எதிர்த்து உள்ளே விட்டார். கரையிலிருந்த கோயில் கொடிமரமோ விளக்குக் கம்பமோ, ஏதோ ஒன்றை நான் குறியாக வைத்துப் பார்த்தேன். மெல்ல மெல்ல அது பின்னால் போயிற்று.

"வாடை இருக்கா?" என்று அத்தான் கேட்டார்.

"வத்தக்குழம்பு வாடைதான்" என்றாள் அக்கா.

நான் சென்னைக்குத் திரும்பியபின், மே மாதம் மூன்றாம் வாரத்தில், கணக்கு நோட்டின் ஒரு பக்கத்தைப் படம் பிடித்து அக்கா போனில் அனுப்பியிருந்தாள். கொச்சி முதல் கோவா வரை; எஞ்சின் ஓடியது 41 மணி; டீசல் 78 லிட்டர். குறிப்புப் பத்தியில் மேலிருந்து கீழ்வரை ஒன்றுமில்லை. மங்களூருக்கு அப்பால் ஒரே ஓர் இடத்தில் மட்டும் 'நின்றது' என்று எழுதி, பக்கத்தில் பொடி எழுத்தில் காரணமும் எழுதியிருந்தாள்: 'நிறுத்தும் பிடியில் இவர் கால் பட்டது.'